மூச்சு விடாமல் வாசிக்கிற மகள்

"பெரியம்மா, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குக் கதை வாசிச்சுக் காட்ட மிஸ் என்னையத்தான் எடுத்திருக்காங்க!"

வஹீதாவின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

"உன்னையா? அஃபீஃபாவை இல்லையா?"

"என்னையத்தான்!" என்று தஹ்ஸீன் மாடிப்படியில் தாவி ஏறினாள்.

பாலக்கரையில் ஒரே வீடு. கீழே வஹீதா, மாடியில் அவள் ஓரகத்தி நஜீமா. அஃபீஃபா வஹீதாவின் மகள், தஹ்ஸீன் நஜீமாவின் மகள். இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே மூன்றாம் வகுப்பு.

நஜீமாவின் கணவர் குவைத்திலிருந்து அனுப்புகிற அத்தரையும் மிக்ஸியையும் வஹீதா பொறுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் படிப்பில் மட்டும் அவள் கைதான் ஓங்கியிருந்தது. அஃபீஃபா பாடத்தை எடுத்தால் கொட்டும் மழைதான், நிற்காது. தஹ்ஸீன் ஒரு வரி படிப்பாள், விட்டத்தைப் பார்ப்பாள், அப்புறம் அடுத்த வரி. அந்தப் பிள்ளைக்கா இந்த வாய்ப்பு?

"குவைத் சாக்லேட் வேலை செஞ்சிருக்கு" என்றாள் இரவுச் சாப்பாட்டின்போது.

கணவர் அப்துல் அஹத் சிரித்தார். "ஒரு சாக்லேட்டுக்கா ஒரு டீச்சர் மயங்கிருவாங்க?"

"நீங்க சும்மா இருங்க. நாளைக்கு நானே போய்க் கேக்குறேன்."

போனாள். ஜெஸ்லின் மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா."

"உக்கார வரலை மிஸ். ரெண்டு பேரையும் என் முன்னாடி வாசிக்கச் சொல்லுங்க."

மிஸ் மறுக்கவில்லை. பிள்ளைகள் பார்த்திராத ஒரு கதையை எடுத்தார். துறையூர் பஸ்ஸில் ஓர் அம்மா வாழைத்தாருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி, அதை ஜன்னலோர சீட்டில் உட்கார வைக்கிறாள். நின்றபடி வரும் பெரியவர் இடம் கேட்டால், "இப்பதான் கண்ணசந்துச்சு, எழுப்பாதீங்க" என்கிறாள். பெரியவருக்குக் கோபம் வந்துவிடுகிறது.

அஃபீஃபா ஒரே மூச்சில் முடித்தாள். வஹீதா மிஸ்ஸைப் பார்த்த பார்வையில், இப்ப என்ன சொல்றீங்க என்ற கேள்வி இருந்தது.

தஹ்ஸீன் தட்டுத் தடுமாறி வாசித்துக்கொண்டு வந்தாள். 'எழுப்பாதீங்க' என்ற இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "மிஸ், வாழைத்தார் தூங்குதாம் மிஸ்!"

அஃபீஃபா அவளைத் திகைப்போடு பார்த்தாள்.

"அஃபீஃபா, அந்தப் பெரியவருக்கு ஏன்மா கோபம் வந்துச்சு?"

"பெரியவருக்குக் கோபம் வந்தது. நடத்துநரைக் கூப்பிட்டார்" என்று எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள் அஃபீஃபா.

"அது சரி. ஏன்?"

பிள்ளை புத்தகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"எழுத்தெல்லாம் சுத்தமா வாசிக்கிறாம்மா. நின்னு யோசிக்கத்தான் பழகலை. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க நடுவுல நடுவுல கேள்வி கேக்குமே, அதான் தஹ்ஸீனை எடுத்தேன்" என்றார் மிஸ்.

வஹீதா ஆட்டோவில் திரும்பும்போது வழியெல்லாம் நஜீமாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டுவதற்கு எதுவும் கிடைக்காததால் ஆத்திரம் கூடியது. வஹீதா ஏழு வயதிலேயே மதரஸாவில் குர்ஆனை ஓதி முடித்தவள். அன்று தெருவுக்கே நெய்ச்சோறு. ஓதும்போது ஓர் எழுத்தின் உச்சரிப்பும் பிசகக் கூடாது. ஓதுவதே வணக்கம், பொருளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றுதான் உஸ்தாத் பழக்கினார். வஹீதா அதே கண்டிப்பைத் தமிழ்ப் பாடத்துக்கும் கொண்டுவந்து, போதாததற்கு எத்தனை நிமிடத்தில் முடிக்கிறாள் என்று போனில் நேரம் வேறு பார்த்தாள். மகளை நிறுத்தி 'இது என்ன?' என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் போனை எடுக்காமல் உட்கார்ந்தாள்.

"வாசி."

"நேரம் பாக்கலையாம்மா?"

"வேணாம். மெதுவா வாசி."

அஃபீஃபாவுக்கு மெதுவாக வரவில்லை. பக்கம் முடிந்துபோனது. வஹீதா என்ன கேட்பதென்று யோசித்தாள். எழுத்து பிசகுகிறதா என்று மட்டுமே அவள் காது கவனித்திருந்தது. கதை அவளுக்கும் தெரியவில்லை.

"இதுல... என்ன புரிஞ்சுது?"

"தெரியலைம்மா." பிள்ளை மெல்லக் கேட்டது. "மாடிக்குப் போய் சாச்சிகிட்டப் படிக்கவா?"

சுருக்கென்றது. போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. காலையில் தன் முகத்தையே பார்த்து விழித்த பிள்ளையின் கண்கள் தடுத்தன.

"போ" என்றாள். "போய்த் தொலை" என்று சொல்லாமல் விட்டதே பெரிது.

பிள்ளை போய் வெகுநேரமாகியும் வரவில்லை. வஹீதா சத்தம் காட்டாமல் படியேறி, நஜீமாவின் கதவருகே நின்றாள். உள்ளே பாயில் மூன்று பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். நடுவில் வேறொரு புத்தகம். அந்தக் கதையில், பாலைக் குடித்தது பூனைதான் என்று ஒரு சிறுமி மேலுதட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாளாம்.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் நஜீமா. "எனக்கு அந்தப் பூனை மேலதான் சந்தேகம்."

"எனக்கும்!" என்றாள் தஹ்ஸீன்.

அஃபீஃபாவின் விரல் வரியின் மேலே பின்னுக்குப் போனது. திரும்பப் படித்தாள். சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"இல்ல சாச்சி! பொய் சொல்றா! இவளேதான் குடிச்சிருக்கா. பூனை குடிச்சா இவ ஏன் வாயைத் தொடைக்கணும்?"

"அடி கள்ளி! எப்படிடி கண்டுபிடிச்சே?" நஜீமா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

வஹீதாவின் கண் நிறைந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் முழு மகிழ்ச்சியாக இல்லை. மகள் ஒரு கதைக்குள் முதன்முதலாகப் புகுந்து பார்த்துவிட்டாள். அதை ஓடிவந்து தன்னிடம் சொல்லவில்லை, பக்கத்திலிருந்த சாச்சியிடம் சொல்லிவிட்டாள். அந்த அணைப்பு யாருக்கு வரவேண்டியது?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"வாங்கக்கா, உக்காருங்க" என்று நஜீமா பாயின் ஓரத்தில் இடம்விட்டாள்.

வஹீதா ஓரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நஜீமாவுக்கும் அஃபீஃபாவுக்கும் நடுவே இடித்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

"அடுத்த பக்கம் வாசி" என்றாள் மகளிடம். பிறகு நஜீமாவின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பக்கத்துக்குக் கேள்வி நான்தான் கேப்பேன். நீ வாயைத் தெறந்தே, பாத்துக்க."