சுருதி பிடிக்கிற பெட்டி

இசக்கிபாண்டி கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அவன்மேல் கோபம் வரும். கோவில்பட்டியில் ரயில்வே கேட்டுப் பக்கம் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கோயில் கொடை, கல்யாணம் என்றால் பூவனலிங்கம் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பான். அதே குழுவில் பாடியவள்தான் அவன் பெண்டாட்டி செண்பகவல்லி. அவள் மைக்கைப் பிடித்து, சொல் எதுவும் இல்லாமல் 'ஆ' என்று ஓர் இழுப்பு இழுத்துத்தான் கச்சேரி தொடங்கும். அந்த இழுப்புக்குக் கடலை வறுக்கிறவன்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பான்.

போன வருஷம் அவளுக்குக் கழுத்தில் கழலை வந்தது. அறுத்து எடுத்ததில் உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. பேசினால் காற்றும் கரகரப்பும்தான். அழுதாள், சாமிக்கு நேர்ந்தாள், பிறகு இரண்டையும் விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குத் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போனாள். தெருவில் யாராவது பாட்டுப் பேச்சை எடுத்தால் சிரித்துச் சமாளித்தாள். ஒருவழியாக மனசு ஆறிக்கொண்டு வந்தது.

இவனுக்குத்தான் ஆறவில்லை. அந்த 'ஆ' இல்லாத மேடையில் அவனுக்கு விரலே ஓடவில்லை. நாகலாபுரம் அம்மன் கொடையில் அதை எப்படியாவது திரும்ப ஒலிக்க வைத்துவிட வேண்டும் என்று வெறி பிடித்துக்கொண்டது. கிடார் தந்தியைத் தட்டினால் குரலாக வருகிற மாதிரி ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தான். அவளிடம் பாதியைத்தான் சொன்னான். "கிடார்லயே புல்லாங்குழலு, நாதஸ்வரம் எல்லாம் வரும். அப்படி ஒண்ணு செய்யுதேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கடைக்கு வந்து ஈயம் பற்றவைத்துக் கொடுத்தாள். கட்டை அடுக்கிப் பழகிய விரல், துளி பிசகாது.

"இது என்ன செய்யும்?" என்று ஒருநாள் போர்டைக் காட்டிக் கேட்டாள்.

"தந்தியத் தட்டினா ஒரு சத்தமா வருது? பத்துச் சத்தம் கலந்துல்லா வருது! இது சுருதிய மட்டும் பிடிச்சுக்கிடும். மிச்சத்த வடிகட்டித் தள்ளிரும். அந்தச் சுருதியில புதுசா ஒரு குரலு எந்திரிக்கும்."

"மிச்சம் எங்க போவும்?"

"அது எதுக்குட்டி நமக்கு? வேண்டாத சத்தம்."

சிக்கல் ஒன்று இருந்தது. தந்தி ஓயப் போகிற நேரத்தில் பெட்டிக்குச் சுருதி பிடிபடாது. மேல் ஸ்தாயிக்குத் தாவும், கீழே விழும், கடைசியில் கரகரக்கும். கெப்பாசிட்டரை மாற்றினான், ஐசியை மாற்றினான், கரகரப்பு போகவில்லை. "சனியன் பிடிச்ச கரகரப்பு! காதுகொண்டு கேக்க முடியல. இத ஒழிச்சாத்தான் எனக்குத் தூக்கம்" என்று அவளை எதிரே வைத்துக்கொண்டே பெட்டியைத் திட்டுவான். அட பாவி, யார் முன்னால் என்ன பேசுகிறோம் என்று ஒருதரமாவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. அவள் தலை நிமிராமல் ஈயத்தை உருக்கினாள். வீட்டிலும் பேச்சு குறைந்தது. அசதி என்று நினைத்துக்கொண்டான்.

அவள் போன பிறகு பழைய கொடைக் கேசட்டைப் போட்டு, ஹெட்போனில் அவள் குரலைக் கேட்டுக் கேட்டுப் பெட்டியின் திருகுகளைத் திருகுவான். கடைசியில் கரகரப்புக்கும் வழி கண்டுபிடித்தான். சுருதி நழுவப் போகிறது என்று தெரிந்த உடனே, பெட்டியே வாயை மூடிக்கொள்ளும்படி செய்துவிட்டான்.

நாகலாபுரம் கொடையில் அவன் தந்தியைத் தட்டியதும் 'ஆ' என்று எழுந்தது. அதே குழைவு, அதே இழுப்பு. விசில் பறந்தது. "நம்ம செண்பகவல்லி திரும்பப் பாடுதா!" என்று அண்ணாச்சி மைக்கில் கத்தினார். "ஏட்டி செம்பகம், ஒங் குரலுட்டி!" என்று பொம்பளைகள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பாட்டு முடிந்து இசக்கிபாண்டி பெருமையோடு அவளைத் தேடினான். அவள் இருந்த இடத்தில் அவள் இல்லை.

கோயிலுக்குப் பின்னால் வேன் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிட்டி இருந்துச்சு?" என்றான். அப்போதும் இதைத்தான் கேட்டான்.

"நல்லா இருந்துச்சு. ஒரு பிசிறு இல்ல."

"ஒனக்காவத்தான் செஞ்சேன்."

"எனக்காவயா?" அவள் குரல் காற்றாக வந்தது. "போனது போச்சுன்னு நான் அழுது முடிச்சிருந்தேன். இப்ப அது அங்கன மேடையில இருக்கு, நான் இங்கன இருக்கேன். கைதட்டுனவியள்ல ஒருத்தராவது என்னத் தேடுனாவளா? சுருதிய மட்டும் பிடிச்சுக்கிட்டீய. மிச்சந்தான் ஒங்க வீட்டுல கெடக்கு, வேண்டாத சத்தமா."

மேடையில் அண்ணாச்சி அவன் பெயரைச் சொல்லி அழைத்தார். "போங்க, கூப்பிடுதாவ" என்றாள். அவன் போகவில்லை. மறுநாளே பெட்டியைப் பிரித்து, போர்டைக் கையாலேயே முறித்துப் போட்டான்.

என்ன செய்து என்ன? அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அந்த 'போங்க'தான். சோறு போடுவாள், துணி துவைப்பாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள். வாயைத் திறப்பதில்லை. அவன் காலைப் பிடித்தும் பார்த்துவிட்டான்.

இப்போது மத்தியானம் அவள் சாப்பிட வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து, கடைக்கு எதிரே உள்ள எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், பக்கத்து வீட்டு நம்பருக்குப் போட்டு அவளைக் கூப்பிடச் சொல்கிறான். போனில் தலையாட்ட முடியாதே, அதனால்தான். அவள் வந்து எடுப்பாள்.

"செம்பகம், நாந்தான். ஏதாவது சொல்லுட்டி. கரகரன்னு இருந்தாலும் பரவால்ல... இல்ல, கரகரன்னுதான் வேணும். சொல்லு."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு ரிசீவரை வைத்துவிடுவாள்.