நாற்பத்திரண்டு முடிச்சு

பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு வருடம் பிரேக் பார்த்தவன் நான். என் விரல்களைப் பார்த்தாலே அது தெரியும். அந்த விரல்களை வைத்துக்கொண்டு, கைக்குள் அடங்குகிற பாய்மரக் கப்பலுக்குக் கயிறு கட்டும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தேன் என்றால், நிலைமை எவ்வளவு கைமீறிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கப்பல் என் மனைவியுடையது. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குப் பல் செதுக்குவாள், வீட்டுக்கு வந்ததும் மரத்தைச் செதுக்குவாள். இந்தக் கப்பலில் மூன்று பாய்மரமும் நின்றாகிவிட்டது. நடு மரத்துக் கயிற்றேணிதான் மிச்சம். மேலிருந்து கீழே ஆறு கயிறு, அவற்றின் குறுக்கே தலைமுடி மாதிரி நூலில் படிகள், நூலும் கயிறும் சந்திக்கிற இடத்திலெல்லாம் ஒரு முடிச்சு. கீழிருந்து கட்டிக்கொண்டே பாதி ஏணி ஏறியிருந்தபோது அவளுக்கு மார்பில் கட்டி என்றார்கள்.

ஊசி மருந்து ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது, கூடவே விரல்கள் மரத்துப்போயின. "சிலருக்கு உணர்ச்சி திரும்ப வரும், சிலருக்கு வராது" என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு ஊசி பாக்கி. அடுத்தது வியாழக்கிழமை.

ஞாயிறு காலையில் சொன்னாள்: "வியாழக்கிழமை நான் வரலங்க."

"எங்க வரல?"

"ஆஸ்பத்திரிக்கு. இன்னும் ரெண்டு போட்டா மிச்சமும் போயிடும். ஒரு முடிச்சு போட வக்கில்லாத கையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

"உயிரோட இருக்கலாம்ல?"

"இருந்து? நாள் பூரா உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய தங்கை போன் செய்து அழுதாள். "மாமா, அவ சொன்னா சொன்னதுதான். நீங்கதான் ஏதாவது பண்ணணும்." ஏதாவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சமையலறை மேசையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சின்ன வைஸை மாட்டினேன். அவள் ஒரே ஒரு முடிச்சு போட்டுவிட்டால் போதும், வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

கொண்டை ஊசியை நிமிர்த்தி நுனியில் கொக்கி வளைத்தேன். கோணி ஊசியின் காதை மேலே அறுத்து, நூலைத் தள்ளுகிற கவட்டை ஆக்கினேன். இரும்பு அறுக்கிற ஹேக்ஸா பிளேடைத் தேய்த்து இடுக்கி செய்தேன். நழுவாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ரப்பர் குழாயில் கைப்பிடி, விரலுக்கு அடக்கமாக, குட்டையாக. செவ்வாய்க்கிழமைக்குள் ஒன்பது கருவி. கொக்கியில் நூலை மாட்டிவிடுவாள். ஆனால் அது இறுகியதா இல்லையா என்பது அவள் விரலுக்கு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் இழுப்பாள், பட்டென்று அறுந்துவிடும். ஒன்பதாவதும் அறுந்தபோது எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கேவலத்தைச் செய்தேன். அவள் கற்றுக்கொடுத்த முடிச்சையே அவள் ஏணியில் நானே போட்டேன். முதுகு ஒடிந்தது. ஏழு படி, நாற்பத்திரண்டு முடிச்சு. மருந்தினால் அவளுக்கு மறதியும் இருந்தது. அதைத்தான் நம்பினேன்.

எழுந்து வந்தவளிடம், "பாத்தியா, நேத்து நீ போட்டது. அறுந்ததை மட்டும்தான் ஞாபகம் வச்சிருக்க" என்றேன்.

"நானா?"

"பின்ன நானா?"

அவள் முகம் மலர்ந்தது. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடம் எனக்கும் போதையாகத்தான் இருந்தது. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என் முடிச்சு இந்தப் பக்கம் சாயும். நான் இடது கைக்காரி. இதெல்லாம் அந்தப் பக்கம் சாயுது."

முப்பது வருடம் அவள் இடது கையால் பரிமாறிச் சாப்பிட்டவனுக்கு அது மறந்துபோனது.

"எனக்கு ஞாபகம் இல்லாமப் போறதுகூட உங்களுக்கு வசதியாப் போச்சுல்ல?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அத்தனையும் அறுக்கணும். நான்தான் அறுப்பேன். அதுக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க."

"உன்னோட முடிச்சும் சேர்ந்து போயிடும்மா."

"போகட்டும்."

ஒரு சைக்கிள் ஸ்போக்கை எடுத்தேன். நுனியைக் கொக்கியாக வளைத்து, உள்பக்கத்தைக் கல்லில் தீட்டினேன். கம்பியைக் குட்டையாக வெட்டவோ கைப்பிடி போடவோ எனக்கு மனசும் இல்லை, தெம்பும் இல்லை. முழுக் கம்பியையும் அப்படியே நீட்டினேன்.

இடது கை முஷ்டியில் பிடித்தாள். நீண்டிருந்த கம்பியின் வால் மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் மேல் படுத்துக் கிடந்தது. முதல் முடிச்சில் கொக்கியை மாட்டினாள், இழுத்தாள். அறுந்தது. அடுத்தது. நான் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். என் பின்னால் டிக், டிக் என்று அறுந்துகொண்டே இருந்தது. என்னையே அறுக்கிறாள் என்று தோன்றியது. அறுக்கட்டும் என்றுதான் இருந்தது.

சத்தம் நின்றது. பயந்து திரும்பினேன்.

ஏழு படியும் போயிருந்தன. அதற்குக் கீழே அவள் கட்டிய படிகளில் ஒரு நூல்கூட அசையவில்லை. ஆறு நெடுங்கயிற்றிலும் ஒரு கீறல் இல்லை. அவள் கப்பலைப் பார்க்கவில்லை. கம்பி படுத்திருந்த முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க தெரியுதுங்க" என்றாள். "நூல் இறுகுறது, கம்பி வழியா இங்க வந்து முட்டுது. விரல்ல இல்ல. இங்க."

நான் மூன்று நாளாக ஒன்பது கருவியையும் செத்துப்போன விரலுக்காகவே செய்திருக்கிறேன். உயிரோடு இருந்த கையை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மடையன். அவள் எதிரிலேயே வாய்விட்டு அழுதேன்.

"மூக்கைத் துடைங்க, கப்பல் மேல விழப்போகுது" என்றாள். கம்பியை என் பக்கம் தள்ளினாள். "இதே நீளத்துல முனை மழுங்கின கொக்கி ஒண்ணு வேணும். கட்டுறதுக்கு."

"இப்பவே செய்யறேன்."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

ஒன்பது விரலை விரித்துக் காட்டினேன்.