இரண்டு மெத்தை விலை

மெத்தைக் கடை மாமாவுக்கு உலகத்திலுள்ள எல்லாவற்றையும் மெத்தைக் கணக்கில் சொல்லித்தான் பழக்கம். பல் கட்டிய செலவு ஒரு மெத்தை. மகனின் கல்லூரிக் கட்டணம் ஒன்பது மெத்தை, அதுவும் ஸ்பிரிங் வைத்தது. ஆகவே அக்கா மகள் நீட்டிய பில்லைக் கையில் வாங்கியதுமே அவர் உதடுகள் தாமாக வகுக்க ஆரம்பித்துவிட்டன.

"ரெண்டு மெத்தையா? ஒரு கோடு போட்டதுக்கா பாப்பா?"

பாப்பாவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கிராபிக் டிசைனர். பத்து வருடம் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டு, இனி சொந்தமாகத்தான் தொழில் என்று வெளியே வந்தவள். கிடைத்த முதல் பெரிய வேலை மாமாவுடையது. இரண்டாவது கிளை திறப்பதற்காகக் கடைக்குப் புது லோகோ, பெயர்ப்பலகை, மெத்தையில் தைக்கும் லேபிள் எல்லாம் செய்து கொடுத்திருந்தாள். மாமா சொன்ன கோடு அந்த லோகோதான். நடுவில் லேசாகத் தாழ்ந்த ஒற்றைக் கோடு. பார்த்தால் ஆள் படுத்து அமுங்கிய மெத்தை மாதிரியும் இருக்கும், மூடிய இமை மாதிரியும் இருக்கும்.

"கோடுதான் மாமா. ஆனா அந்தக் கோடு எங்க வளையணும்னு..."

"நீ வரைஞ்சப்ப நான் பக்கத்துலதானே இருந்தேன்? பத்து நிமிஷம்கூட ஆகல."

கல்லாவில் இருந்த அத்தை கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு அந்தப் பில்லை வாங்கிப் பார்த்தாள். பாப்பா அதை நல்ல தாளில், தந்த நிறத்தில், ரசித்து ரசித்துச் செய்திருந்தாள். மேல் மூலையில் சின்ன எழுத்தில் அவள் பெயர். கீழ் மூலையில் அதைவிடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், தொகை. நடுவில் வெண்மை. வெற்றிடம்தான் வடிவமைப்பின் உயிர் என்று நம்புகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

அத்தை தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "மீதி எங்கடி?"

"அவ்வளவுதான் அத்தை."

"முக்கால் பேப்பர் சும்மா கிடக்கு. அப்ப முக்கால்வாசியைக் குறைச்சுக்கலாம்ல?" என்று சிரித்தவள், அடித்த போனை எடுத்து, யாரோ சொன்ன கட்டில் அளவை அந்த வெண்மையிலேயே பேனாவால் குறித்துக்கொண்டாள்.

புதுக் கிளையின் கண்ணாடிக் கதவுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. ஏசிக்கு, விளக்குக்கு, வாசலில் கால் துடைக்கும் விரிப்புக்குக்கூட ரொக்கம். யானை வாங்கியவர் அங்குசத்துக்கு அழுதுகொண்டிருந்தார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னால் அவள் தம்பியின் கட்சி. "தூக்கி வளர்த்த மாமாகிட்ட காசு கேக்க உனக்கு நாக்கு கூசலையா?"

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு நீதானேம்மா சொல்லுவ?"

"அது பக்கத்து வீட்டுக்காரங்களுக்குச் சொன்னது."

அன்று மாலை அச்சக முதலாளி போன் செய்தார். நல்ல மனிதர். வாடிக்கையாளர் சிவப்பு கேட்டால் சிவப்பு, இன்னும் சிவப்பு கேட்டால் இன்னும் சிவப்பு. அதுவே அவருடைய கலைக்கொள்கை. "உன் நாற்காலி அப்படியே கிடக்குதும்மா. வேற ஆளு வந்து கேக்குறான். சனிக்கிழமை சொல்லிடு, திங்கக்கிழமை வந்து உக்காந்துடு."

பாப்பா தன் வேலை அறையைச் சுற்றிப் பார்த்தாள். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை, கீழே இஸ்திரி போட்டால் மேலே தரை சுடும். அதற்கு வாடகை கொடுக்க வேண்டும். மாமா பணம் தந்தால் அறை நிற்கும். தராவிட்டால் திங்கட்கிழமை முதல் மறுபடியும் சிவப்பு.

மறுநாள் லேப்டாப்போடு கடைக்குப் போனாள். புத்தகங்களில் சொல்லியிருந்தபடி, வடிவமைப்பின் மதிப்பை வாடிக்கையாளருக்கு விளக்குவது என்று திட்டம். மாமா மறுக்கவில்லை. "தாராளமா சொல்லு" என்று காட்சிக்கு வைத்திருந்த பெரிய மெத்தையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். அவள் நிறங்களின் உளவியலில் தொடங்கி நம்பகத்தன்மைக்கு வந்தபோது சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். மனைவி மாமாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடைக்காரரே தூங்குறார்னா பாருங்களேன். இதையே எடுத்துடலாம்."

அத்தை மாமாவை உலுக்கி எழுப்பி, அவர் படுத்திருந்த மெத்தையை விற்றாள். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு பாப்பாவின் முதுகில் தட்டினார். "நீ பேசுற பேச்சு சும்மா தாலாட்டு மாதிரி இருக்கு. தினமும் வா."

"அந்த மெத்தைல எனக்குக் கமிஷன் உண்டா மாமா?"

"குடும்பத்துக்குள்ள என்ன கமிஷன்?"

பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து போக மனம் வராமல் மூலையில் அடுக்கியிருந்த தலையணைகளின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

ஒரு பெரியவர் வந்தார். புதிதாக இறக்கிய ஒரு மெத்தையை அமுக்கிப் பார்த்தார். அதில் இன்னும் விலைச்சீட்டு கட்டவில்லை. மாமா விலையைச் சொன்னார். பெரியவர் "ம்" என்றார். சுற்றி வந்து பார்க்கிறேன் என்று எதிர்ப்பக்கம் போனார். மாமா அவசரப்படவில்லை. ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து அந்த விலையின் இரண்டு மடங்கைப் பெரிதாக எழுதினார். சிவப்புப் பேனாவால் அதன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே முதலில் சொன்ன விலையையே எழுதி மெத்தையில் தொங்கவிட்டார். பெரியவர் சுற்றி வந்தார், அட்டையைப் படித்தார், முகம் மலர்ந்தது. "இது மட்டும் பாதி விலையா? முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றபடி பர்ஸை எடுத்தார்.

அவர் போனதும் பாப்பா கேட்டாள். "மாமா, மேல எழுதுற விலைக்கு எதையாவது எப்பவாவது வித்திருக்கீங்களா?"

மாமா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்த விலை விக்கிறதுக்கு இல்ல பாப்பா. அடிக்கிறதுக்கு."

அவள் தலையணையிலிருந்து இறங்கினாள். அந்தக் கடையில் மாமா இழுத்த சிவப்புக் கோட்டுக்கு இருக்கும் மரியாதை, அவள் வரைந்த கோட்டுக்கு இல்லை. சரி, முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் முழுவதும் மாமாவுக்கு ஒரு புதுப் பில் தயாரிப்பதிலேயே போயிற்று. பத்து நிமிடத்தில் லோகோ வரைந்த கை, இதற்குத் தடுமாறியது. மஞ்சள் பின்னணி போட்டாள். நான்கு விதமான எழுத்து. ஒவ்வொரு மூலையிலும் வெடிக்கிற நட்சத்திரம். பேனா வைக்க இடமில்லாதபடி தாளை நிரப்பினாள். ஓரிடத்தில் கை தானாகக் கொஞ்சம் வெண்மை விட்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே 'ஆலோசனை முற்றிலும் இலவசம்' என்று சேர்த்தாள். நடுவில், குழந்தையின் தலையளவுக்கு, நான்கு மெத்தை விலை. அதன் மேல் சிவப்புக் கோடு. கீழே இரண்டு மெத்தை விலை. அடியில், 'இச்சலுகை சனிக்கிழமை வரை மட்டுமே.' வேலை முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டாள்.

சனிக்கிழமை மாமா அதை வாங்கிய விதமே வேறாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார்.

"நாலு மெத்தையா உன் ரேட்டு?"

"அடிச்சிருக்கேன் பாருங்க மாமா."

"அடிச்சிருக்க, அடிச்சிருக்க. இது என்ன, ஆலோசனை இலவசம்?"

"லேப்டாப்ல பேசினேனே. நீங்க தூங்கினீங்களே."

"அதுவும் இலவசமா!" மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை கடைசி வரியில் நின்றது.

"என்னங்க, இன்னைக்கு வரைக்கும்தான்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் சும்மா போடுறது. நமக்குத் தெரியாததா?" என்ற மாமாவுக்குக் குரலில் தெம்பில்லை. "இன்னும் ஏதாவது பார்த்துப் பண்ணேன் பாப்பா."

பாப்பா அவசரப்படவில்லை. மாமா வாடிக்கையாளர்களிடம் செய்வதைச் செய்தாள். பில்லை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி, மடிக்க ஆரம்பித்தாள்.

"இரு, இரு. நான் வேணாம்னா சொன்னேன்?" மாமா பதறினார். "எடுத்துக் குடுடி. நாளைக்கு வந்தா நாலு மெத்தை ஆயிடும்."

அத்தை கல்லாவைத் திறந்தாள். எண்ணிக் கொடுக்கும்போது மாமாவின் முகத்தில் பணம் போகிற வருத்தமே இல்லை. இரண்டு மெத்தை சம்பாதித்தவரின் களை.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காத" என்றார் மாமா. "உனக்குள்ள இவ்வளவு திறமை இருக்கு. இந்தப் பில்லு எவ்வளவு அம்சமா இருக்கு! அந்த லோகோவை ஏன் இப்படிப் பண்ணல?"

பாப்பா பணத்தைப் பைக்குள் வைத்து, பதிலை விழுங்கினாள்.

வாசலில் நின்று அச்சக முதலாளிக்குப் போன் செய்தாள். "நாற்காலியை அந்த ஆளுக்கே குடுத்துடுங்க சார்."

"நிஜமாவா? பணம் வந்துடுச்சா? உன் சொந்தக்காரங்ககிட்டேருந்தா?" என்று மூன்று முறை கேட்டார்.

தலைக்கு மேலே புதுப் பெயர்ப்பலகையில் அவளுடைய கோடு அமைதியாகத் தாழ்ந்து வளைந்திருந்தது. அதன் கீழே கண்ணாடிக் கதவில் மாமா அவளுடைய பில்லை ஒட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதற்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. அக்கா பொண்ணு பெரிய டிசைனர், நாலு மெத்தைக்குக் குறைஞ்சு கையே வைக்காது, நான் பேசிப் பாதிக்கு முடிச்சேன்.

அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அடுத்த வாரமே ஒரு பல் மருத்துவர் சலவைக் கடையின் மாடிப்படி ஏறி வந்தார். புது கிளினிக்காம், லோகோ வேண்டுமாம். சூடான தரையில் கால் மாற்றி மாற்றி நின்றபடி, கதவில் பார்த்த தொகையைச் சொன்னார்.

"உங்க ரேட்டு அதுன்னு தெரியும். மாமாவுக்குப் பாதி குறைச்சீங்களாமே. எனக்கு எவ்வளவு குறைப்பீங்க?"

பாப்பா அவரை உட்காரச் சொன்னாள். புது மஞ்சள் தாள் ஒன்றை எடுத்தாள். எட்டு மெத்தை விலையைப் பெரிதாக எழுதிவிட்டு, சிவப்புப் பேனாவைத் தேடினாள்.