தண்ணிகுடி வால்ட்டர்

மார்ல்விக் ஊர்க்காரர்களுக்குப் பிள்ளை பெறுவதில் இருந்த தாராளம் பேர் வைப்பதில் இல்லை. ஏழெட்டுப் பெயர்களை வைத்துக்கொண்டு ஊர் மொத்தத்தையும் ஒப்பேற்றினார்கள். வால்ட்டர் என்று மட்டுமே நாலு பேர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று "வால்ட்டர்!" என்று ஒரு குரல் கொடுத்தால் அந்தப் பக்கம் நாலு தலை நிமிரும். போன அறுவடையில் ஒரு வால்ட்டரின் வாத்து ஊரை ஆண்ட பிரபுவின் கோதுமையை மேய்ந்தது. அபராதம் இன்னொரு வால்ட்டர் தலையில் விழுந்தது. அவனிடம் வாத்தே கிடையாது.

அந்த வாத்தில்லாத வால்ட்டர்தான் நம் ஆள். கல்யாணம் ஆகாதவன். கோயிலுக்கு எதிரே பீர் காய்ச்சி விற்கும் எம்மட் மேல் உயிரையே வைத்திருந்தான். எம்மட் கைம்பெண், வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கும் அவன்மேல் பிரியம்தான். ஆனால் அவன் கல்யாணப் பேச்சை எடுத்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"எப்படிய்யா கட்டிக்கிறது? பாதிரியார் மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல நின்னு, 'எம்மட்டுக்கும் வால்ட்டருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை இருக்கா'ன்னு கேப்பாரு. மத்த மூணு வால்ட்டர் பொண்டாட்டிங்களும் வந்து என் முடியப் புடிச்சு உலுக்கவா? நீ எந்த வால்ட்டர்னு தெரியற மாதிரி ஒரு பேரோட வா. அப்புறம் பாக்கலாம்."

நல்லவேளையாக மணியக்காரர் ஆஸ்பெர்ட்டுக்கும் இந்த வால்ட்டர் தொல்லை அலுத்துப் போயிருந்தது. பண்ணைக் கூட்டத்தைக் கூட்டி, ஆளுக்கொரு துணைப் பேர் வைத்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார். மாவு அரைக்கிற வால்ட்டர் மில்லர் ஆனான். மேட்டு வீட்டுக்காரன் ஹில். செம்பட்டைத் தலையன் ரஸ்ஸல். நம் ஆளிடம் வந்ததும் மணியக்காரர் திணறினார். அவனிடம் ஆலை இல்லை, மேடு இல்லை, முகத்தில் ஒரு மச்சம்கூட இல்லை.

"எனக்கு நாக்கு இருக்குங்க," என்றான் வால்ட்டர். "ஊருக்கு பீர் ருசி பாக்கற வேலை காலியாத்தான கெடக்கு? எனக்குக் குடுங்க. டேஸ்டர்னு பேரும் வெச்சிடுங்க."

மணியக்காரருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. மூன்று வீட்டு ஜாடிகளை வரவழைத்து பெஞ்சில் வைத்தார்.

அன்று காலையிலிருந்து வால்ட்டருக்கு ஜலதோஷம். மூக்கு கல்லாக அடைத்திருந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும், கல்யாணமும் காத்திருக்க வேண்டும். மடையன், சொல்லவில்லை.

முதல் இரண்டு ஜாடிகளையும் குடித்துவிட்டு "பரவால்லீங்க" என்று பொதுவாகத் தலையாட்டினான். மூன்றாவது ஜாடியின் விளிம்பு உடைந்திருந்தது. எம்மட்டின் ஜாடி! அதை இருட்டில் தடவினால்கூட அவனுக்கு அடையாளம் தெரியும். ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"ஆகா! இதுதாங்க பீரு! பார்லி வாசம் ஆளையே தூக்குது. இதக் குடிச்சவன் இன்னொண்ணத் தொடுவானா?"

"அது கெணத்துத் தண்ணிடா," என்றார் மணியக்காரர். "சோதிச்சுப் பாக்கலாம்னு நான்தான் ஊத்தி வெச்சேன்."

மில்லர் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து உருண்டான். "தண்ணிகுடி! தண்ணிகுடி!" என்று கூட்டம் கூவியது. அவர்கள் பேச்சில் அது டிரிங்க்வாட்டர். அந்த நொடியே பேர் ஒட்டிக்கொண்டது.

ஜாடியோடு வந்திருந்த எம்மட்டும் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"ஏய்யா, டிரிங்க்வாட்டர் பொண்டாட்டி பீர் வித்தா எவன் வாங்குவான்? தண்ணி கலந்ததுன்னு பேராலயே சொல்லிக்கிட்டு விக்கவா? என் பொழப்புல மண்ணப் போட்டியே!"

வால்ட்டர் மணியக்காரர் காலில் விழுந்தான்.

"சளி விடட்டும், இன்னொரு தடவ பாக்கலாம்," என்றார் அவர். "அப்பவும் தப்பாச் சொன்னே, உன் பேரன் பேத்தி வரைக்கும் தண்ணிகுடிதான்."

அந்த வாரம் சளி விட்டது. பிடித்தது வேறொரு சனி. இடியும் புழுக்கமுமாக இருந்ததில் எம்மட்டின் புது பீர் புளித்துப்போயிற்று. சோதனைக்கு மணியக்காரர் எடுத்துவரச் சொன்னதும் அதையே. நாற்றம் கோயில் வாசல் வரை வந்தது. ஆனால் ருசி பார்ப்பவன் வாயால் சொன்னால்தான் குற்றம். சொல்லிவிட்டால் காய்ச்சினவளை நாற்காலியில் கட்டிக் குளத்தில் முக்குவார்கள். அது அங்கே வழக்கம்.

வால்ட்டர் ஜாடியை எடுத்தான். பாழாய்ப்போன மூக்கு அன்றைக்கென்று சுத்தமாகத் திறந்திருந்தது. குளக்கரையில் நாற்காலி தயாராக இருந்ததைப் பார்த்தான். எம்மட்டைப் பார்த்தான். அவள் பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"தேனுங்க," என்றான்.

"நல்லா யோசிச்சு சொல்லு," என்றார் மணியக்காரர்.

"தேனேதாங்க."

"அப்ப நீ டிரிங்க்வாட்டர்தான். போடா."

எம்மட் அவன் கையிலிருந்த ஜாடியைப் பிடுங்கினாள். "யோவ், உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? ஊரே மூக்கப் பொத்திக்கிட்டு நிக்குது, தேனாம்ல! மணியக்காரரே, இது புளிச்சுப்போச்சு. காய்ச்சினவ நானே சொல்றேன். கொண்டாங்க அந்த நாற்காலிய!"

"ஐயோ, அவள வேணாங்க, என்னைய முக்குங்க!" என்று வால்ட்டர் கதறினான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹில்லும் ரஸ்ஸலும் அவளைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். வால்ட்டரும் கரையில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

மேலே வந்தபோது எம்மட் தலையில் பாசி தொங்கியது. இருமி இருமி, ஒரு வாய்த் தண்ணீரை மணியக்காரரின் செருப்பில் துப்பினாள். பிறகு கூட்டத்தில் பாதிரியாரைத் தேடிப் பிடித்தாள்.

"சாமி, வர்ற ஞாயித்துக்கிழமையே சொல்லிடுங்க. எம்மட்டுக்கும் வால்ட்டர் டிரிங்க்வாட்டருக்கும்னு சத்தமாச் சொல்லுங்க. பாதிக் குளம் என் வயித்துலதான் இருக்கு. அந்தப் பேருக்கு இவன விட எனக்குத்தான் உரிமை ஜாஸ்தி!"