கெங்கம்மா அருவியில் குளித்த வரலாறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்துக் கார்த்திகைப் புயலில் குப்பன் கட்டுமரத்தோடு போன மறுவாரமே, அவன் பெண்சாதி கெங்கம்மாவின் தலையில் உப்பு விளையத் தொடங்கியது. முதலில் வகிட்டில் மட்டும் பொடியாகப் பூத்தது. பொங்கலுக்குள் கல்லாகக் கட்டி, கொண்டையை அவிழ்த்தால் முறத்தில் கொட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. உப்புக்கு வரி இருந்த காலம் என்பதால் சேவகர் ஒருவர் மயிலாப்பூர்க் குப்பத்துக்கு வந்து, அவள் தலையைக் குச்சியால் கிளறி, ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்து, இதற்கு என்னிடம் சட்டம் இல்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

உப்பு மட்டும் என்றால் கெங்கம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். விடியலில் கரையில் எடுத்த வஞ்சிரமும் சங்கராவும் அவள் தலைக்கூடையில் ஏறி மந்தைவெளி போய்ச் சேர்வதற்குள் கருவாடாகிவிட்டன. கூடையை இடுப்பில் வைத்தாலும் அப்படித்தான். "பச்சை மீனு கேட்டா கருவாட்டக் காட்றியே, இன்னா எகத்தாளமா?" என்று வாங்குகிறவர்கள் விரட்டினார்கள். கருவாடு விற்கிறவர்களோ, தங்கள் பிழைப்பில் கைவைக்கிறாள் என்று கூடையைத் தெருவில் கவிழ்த்தார்கள். குழாயடியில் குடம் குடமாக ஊற்றிக்கொண்டாலும் கரைந்த உப்பு மறுநாள் காலை திரும்பி வந்தது. சாந்தோம் பக்கத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் ஹாஜிரா பீ அவளை வாசலிலேயே நிறுத்தி, கிடக்கிற தண்ணீருக்கு இது போகாது, உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் உச்சந்தலையில் விழவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டணத்தில் அப்படி விழுகிற தண்ணீர் கிடையாது. ஒரு வருஷம் கெங்கம்மா கருவாட்டையும் வசவையும் தின்று காலம் தள்ளினாள்.

முப்பத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில், மயிலாப்பூர்க் குளத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே மோட்டார் பஸ் நடத்திவந்த கரீமுல்லா ஓர் அறிவிப்பு ஒட்டினான். மைசூர் சமஸ்தானத்துச் சிவசமுத்திர அருவியைப் பார்க்க, சனிக்கிழமை சாயங்காலம் ஏறினால் ஞாயிறு பகல் முழுக்க அருவி, திங்கட்கிழமை ஆபீஸ் நேரத்துக்கு வீடு. ரயிலைவிடப் பாதிக்கும் குறைந்த கட்டணம் என்பதால், ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லாரும் ஒரே வண்டியில் இடம் பிடித்தார்கள். மாடவீதிக்காரர்களுக்கும் மாம்பலத்துப் புதுத் தெருக்காரர்களுக்கும் முன்பக்கத்து மெத்தை ஆசனங்கள். காதுத் தோட்டை விற்று டிக்கெட் வாங்கிய கெங்கம்மாவுக்குக் கடைசிப் பலகையில், பெட்ரோல் டின்களின் பக்கத்தில் இடம்.

முதல் ஆசனத்தில் இருந்தவர் ஸ்ரீனிவாசராகவன், ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். அவர் குளிக்கிற தண்ணீரில் அவருக்கு முன்னால் யாரும் குளித்திருக்கக் கூடாது என்பது அவருடைய நியமம். அடையாற்றில் முழுகிக்கொண்டிருந்தவர், சைதாப்பேட்டையில் வண்ணார்கள் துவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றோடு அதை விட்டார். குழாய்க்குத் தண்ணீர் வருகிற செங்குன்றம் ஏரியில் மாடு இறங்குகிறது என்று குழாயை விட்டார். வீட்டுக் கிணற்றடியிலும் அவர் குளித்து, தொட்டியில் மிஞ்சியதில்தான் மனைவி சுலோச்சனா குளிக்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படியே குளித்துவந்த சுலோச்சனா, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அருவிக்கு மேலே யார் இருக்கப்போகிறார்கள் என்ற நினைப்பில்தான் அவர் இருவருக்கும் டிக்கெட் வாங்கினார்.

ஏறும்போதே தகராறு. "என்னய்யா கரீமுல்லா, இந்த நாத்தத்தோட ராத்திரி பூரா உட்கார்ந்துண்டு வரணுமா? இறக்கிவிடும் அவளை" என்றார்.

"அவளும் துட்டு குடுத்துக்கிறா சாமி. ஒத்துக்கலேன்னா நீங்க எறங்குங்க. அடுத்த பஸ்ஸு அடுத்த வருசம்" என்றான் கரீமுல்லா.

கொடுத்த பணத்தை விட்டு இறங்க அவருக்கு மனமில்லை. கடைசிப் பலகைக்கு முன்னால் ஒரு கோணியைத் தொங்கவிட்டார்கள். ராணிப்பேட்டைக்குள் ஜன்னலுக்காக ஒரு சண்டை வந்தது. கிருஷ்ணகிரிக்குள் புளியோதரை வாடைக்காக ஒன்றும் வெற்றிலை எச்சிலுக்காக ஒன்றும் வந்தன. விடிந்தபோது யாரும் யாரோடும் பேசவில்லை. ஓசூர் தாண்டி சமஸ்தான எல்லைச் சாவடியில் காவல்காரன் கெங்கம்மாவின் தலையைப் பார்த்துவிட்டு, உப்புச் சரக்கு கடத்துவதாக வண்டியை நிறுத்தினான்.

"அவளை இங்கேயே வெச்சுக்கோங்கோ, எங்களை விடுங்கோ" என்றார் ஸ்ரீனிவாசராகவன். மற்றவர்கள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

கெங்கம்மா கோணியை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். "சரக்குன்னா நீயே எட்த்துக்க நைனா" என்று குனிந்து கொண்டையை உதறினாள். காவல்காரனின் பூட்ஸ் மூடுகிற அளவுக்குக் கொட்டியது. நிமிர்ந்தபோது தலையில் மறுபடி அவ்வளவு இருந்தது. அவன் மூங்கில் தடையைத் தூக்கிவிட்டான்.

அருவியில் அப்போது வெள்ளம் வடிந்து, ஆள் நின்று குளிக்கிற மாதிரி ஒரே ஒரு தாரை மட்டும் பாறைமேல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்ரீனிவாசராகவன் நேரே போய் அதன் அடியில் நின்றார். முன் ஆசனக்காரர்களுக்கு மட்டும் முறை வைத்து இடம் விட்டார். அவர்கள் குளித்து, சாப்பிட்டு, படுத்து எழுந்த பிறகும் தாரையை விட்டு அவர் அகலவில்லை. அவர் வெளியே வந்தால் அவள் நுழைவாள் என்பது ஒன்றே காரணம். டிரைவர் ரங்கன், பொழுது சாய்வதற்குள் மலைப்பாதையை விட்டு இறங்கவேண்டும் என்று ஹாரனை அடிக்கத் தொடங்கினான்.

"சாமி, ஒரே ஒரு முழுக்கு போட்டுட்டுப் போய்டறேன்."

"கீழே நில்லுடி. நான் கரையேறினப்புறம் பாக்கலாம்."

"கீயத்தான் நின்னுக்கினு கீறேன். நீ எப்ப ஏறுவே?"

"என் இஷ்டம்."

"ஊட்ல தொட்டி கட்டிக் குளிக்கிறவருக்கு ஊர் அருவி இன்னாத்துக்கு?" என்றாள் கெங்கம்மா. கரீமுல்லா சிரித்துவிட்டான். சுலோச்சனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. கெங்கம்மா தாரைக்குக் கீழிருந்த மடுவில் இடுப்பளவு இறங்கி முழுகினாள். மடுத் தண்ணீரும் கிடக்கிற தண்ணீர்தான், அதனால் உப்பு கரைந்த வேகத்திலேயே தலையில் மறுபடி கட்டியது. ஆனால் அருவியில் தண்ணீர் கீழே விழுகிற வேகத்தில் சாரல் மேலே ஏறும். மடுவிலிருந்து ஏறிய சாரல் ஸ்ரீனிவாசராகவனின் உதட்டில் பட்டது. அவர் நக்கிப் பார்த்தார். கரித்தது.

அவர் ஒரு பாறை மேலே ஏறினார். சாரலும் ஒரு பாறை ஏறியது. அடுத்த பாறையும் அப்படியே. அதற்கு மேல் பாறை இல்லாததால், விழுந்துகொண்டிருந்த தண்ணீரிலேயே காலை வைத்தார். தண்ணீர் படியாக நின்று கொடுத்தது. ஈர வேஷ்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கோயில் கோபுரத்துக்குள் ஏறுகிறவரைப் போல, திரும்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டே அவர் அருவியில் ஏறிப்போனார். முன் ஆசனக்காரர்கள், நேரமாகிறது என்று தெரிந்தும் இவர் இப்படிச் செய்வது சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

தாரையின் அடி காலியாக இருந்தது. கெங்கம்மா மடுவிலிருந்து ஏறிப்போய் அங்கே நின்றாள். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்ததும் உப்பு பாளம் பாளமாகப் பெயர்ந்து பாறையில் மோதியது. அவள் வாயைத் திறந்து குப்பனைத் திட்டினாள், பிறகு கடலைத் திட்டினாள், பிறகு மெத்தை ஆசனக்காரர்களைப் பின்னாலிருந்து முன்னால்வரை ஒருவர் விடாமல் திட்டினாள். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் வெளியே வந்தபோது தலைமுடி கறுப்பாக இருந்தது.

உச்சியிலிருந்து ஸ்ரீனிவாசராகவனின் குரல் வந்தது. "சுலோச்சனா! இங்கே எருமை குளிக்கறது! நான் இன்னும் மேலே போறேன்!"

"போங்கோ" என்றாள் சுலோச்சனா.

வண்டியில் ஏறியதும் கரீமுல்லா கேட்டான்: "அம்மா, ஐயா வரல்லியே?"

"அவர் வரமாட்டார். வண்டியை எடும்."

காலியான முதல் ஆசனத்துக்கு மாடவீதிக்கும் மாம்பலத்துக்கும் அடிபிடி நடக்கும்போது, கெங்கம்மா நடுவில் புகுந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்த சுலோச்சனா புடவைத் தலைப்பை இழுத்து ஒடுக்கிக்கொண்டாளே தவிர எழுந்திருக்கச் சொல்லவில்லை.

ஸ்ரீனிவாசராகவன் காவேரிக் கரையோடு மேற்கே நடந்ததாகவும், ஒவ்வோர் ஊரிலும் தனக்கு மேலே ஓர் ஊர் குளிப்பதைக் கண்டு சண்டை போட்டுவிட்டு நடையைத் தொடர்ந்ததாகவும், குடகிலிருந்து வந்த காப்பிக்கொட்டை வியாபாரிகள் சொன்னார்கள். ஆனி மாதம் நதி பிறக்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்னால் அர்ச்சகர் முழுகிக்கொண்டிருந்தார். அந்த நேரம் மழை பிடித்தது. ஸ்ரீனிவாசராகவன் மழையில் காலை வைத்து ஏறி மேகத்துக்குள் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்கு மேல் யாரும் இல்லை என்பதால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். கம்பெனியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பட்டணத்தில் பிடித்தபோது, சுலோச்சனா தன் வீட்டு முற்றத்தைக் கடக்கக்கூடக் குடை விரித்தாள். மழைத்தண்ணீருக்கு அண்டா வைக்கவில்லையா என்று பக்கத்து ஆத்து மாமி கேட்டதற்கு, "இத்தனை வருஷம் அவர் குளிச்ச தண்ணியிலதான் குளிச்சாச்சு. போறும்" என்றாள். கிணற்றில் முதல் வாளி இறைத்து முதலில் குளித்தாள்.

கெங்கம்மா குடை பிடிப்பதில்லை. துடிக்கிற மீன் துடித்தபடியே மந்தைவெளிக்கு வந்தது. கூடையை அவள் மூடாமல் கொண்டுவருவதைப் பார்த்து, "மேல கீறாரே அந்த சாமி குளிக்கிற தண்ணி, மீனு மேல வுயுதே" என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள்.

"அதுக்குத் தனியா துட்டு கேட்டனா? மீனுக்கு மட்டும் குடு" என்றாள் கெங்கம்மா.

அந்தப் பெண் மழையில் நின்றபடியே வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது. துண்டம் போடச் சொன்னாள்.