அன்னக்கொடியின் இடப்பக்கம்

உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் ஊரில் அம்மன் கோயில் பொங்கல். ‘நவரச நாதம்’ இன்னிசைக் குழுவின் கச்சேரி களை கட்டியிருந்தது. மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும், பேஸ் கிதார் வாசிக்கும் இன்பசேகரன் குழுத் தலைவர் தவசியின் பக்கம் குனிந்து கேட்டான்.

“அண்ணே, புல்லாங்குழல்காரர் இன்னைக்கு வரலையா?”

ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டுத் தவசி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புல்லாங்குழல் சுடலை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று பாட்டுக்கும் வாசித்திருந்தார். அவர் ஊதுவது காதில் விழவே இல்லை என்று இன்பசேகரன் கிண்டல் செய்வதாக எல்லோரும் நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். சுடலையும் சிரித்தார். வேறு வழியில்லாமல் இன்பசேகரனும் சிரித்தான். உண்மையில் ஒரு பாட்டிலும் அவனுக்குக் குழல் கேட்டிருக்கவில்லை.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். கப்பலூர் தொழிற்பேட்டையில் டின்களுக்கு மூடி அடிக்கிற பட்டறையில் இன்பசேகரனுக்கு வேலை. ‘டம் டம்’ என்று தகடு வெட்டுகிற இயந்திரத்துக்கு முன்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும். அங்கே யாரும் பேசிக்கொள்வதில்லை, சாடைதான். வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் ஏறும்போது காதுக்குள் வண்டு பறப்பது போலிருக்கும். அதை அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பட்டறையில் எல்லோருக்கும் அந்த வண்டு உண்டு.

கிதார் அவனுக்குப் பிழைப்பல்ல. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் விட்டுப்போனது, கைமாறிக் கைமாறி அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. கோரிப்பாளையத்தில் தவசியின் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் பின்னால் குழு கூடும். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். பேஸ் கிதார்காரனைச் சனங்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பாடுகிறவர்களைப் பார்ப்பார்கள், அதை விட்டால் டிரம்ஸ் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள். இன்பசேகரனுக்கு அதில் வருத்தம் கிடையாது. பாட்டைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது தானும் டிரம்ஸ் கருத்தக்கண்ணனும்தான் என்பது அவனுக்குத் தெரியும். அது போதும் என்று இருந்தான்.

கருத்தக்கண்ணன் உசிலம்பட்டிக்காரன், பஸ் கண்டக்டர். குழுவில் பாடுகிற அன்னக்கொடி அவனுடைய தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். “மேடையேறிப் பாடுறாளாம்” என்று ஊரில் பேசாத வாயில்லை. கருத்தக்கண்ணன் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், அவளைக் கூட்டிக்கொண்டு வருவதும் போவதுமாக இருந்தான்.

புல்லாங்குழலுக்குப் பிறகு மற்றதும் ஒவ்வொன்றாகப் போயிற்று. வீட்டில் மகள் பின்னாலிருந்து கூப்பிட்டால் தெரியவில்லை. மனைவி ஆனிமேரி பேசுவது கேட்டது, ஆனால் என்ன பேசுகிறாள் என்பது பிடிபடவில்லை. சொற்களின் ஓரமெல்லாம் தேய்ந்து, வெறும் முனகலாக வந்தது. “நான் பேசுறது உங்களுக்கு அம்புட்டு எளப்பமாப் போச்சு” என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கீழ்ச்சத்தம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. தன் கிதாரும், கருத்தக்கண்ணன் காலால் மிதிக்கிற பெரிய டிரம்மும் முன்பு போலவே கணீரென்று கேட்டன. அதனால்தான் மேடையில் காலம் தள்ள முடிந்தது.

மதுரையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாண வரவேற்பில் குட்டு உடைந்தது. அன்னக்கொடி பாடிக்கொண்டிருக்கும்போது மணமேடைக்கு யாரோ முக்கியமானவர் வந்துவிட்டார். பாட்டைச் சுருக்கச் சொல்லிச் சைகை வந்தது. அவள் இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டு நேராகப் பல்லவிக்குப் போனாள். எல்லோரும் அவளோடு திரும்பினார்கள். இன்பசேகரன் மட்டும் கண்ணை மூடியபடி இரண்டாவது சரணத்தை வாசித்துக்கொண்டிருந்தான். அடி ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாக இழுத்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

கீழே இறங்கியதும் தவசி பிடித்துக்கொண்டார். “என்னய்யா, குடிச்சிட்டு வந்திருக்கியா?”

இன்பசேகரன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையைக் கருத்தக்கண்ணன் கவனித்துவிட்டான். பேச்சோடு பேச்சாக நண்பனின் முதுகுப்பக்கம் போய் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னான்.

“மாப்ள, ஒன் வீட்டுல தீப்பிடிச்சிருச்சு.”

இன்பசேகரன் அசையவில்லை. தவசியின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் திரும்பினான்.

காது டாக்டரிடம் கருத்தக்கண்ணனே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இயந்திரச் சத்தத்தில் காதின் உள்நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. மேல்சத்தம் முதலில் போகும், கீழ்ச்சத்தம் கடைசியில் போகும். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பட்டறையில் மன்றாடிப் பார்த்ததில் மூடிகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஆனிமேரியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, “இத்தன நாளும் ஒங்களத் திட்டிக்கிட்டே இருந்துட்டேனே” என்றாள். அன்று முதல் அவள் அவனிடம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசியதில்லை.

குழுவிலிருந்து விலகிக்கொள்வதாக இன்பசேகரன் சொன்னான். ஒத்துக்கொள்ளாதவள் அன்னக்கொடிதான்.

“அண்ணே, நீங்க எனக்கு எடப்பக்கம் வந்து நில்லுங்க. நான் ஒங்களப் பாத்துப் பாடுறேன். எங்க திரும்புறேன்னு கையில காட்டுறேன். என்ன கெட்டுப்போகுது?”

அப்படியே செய்தார்கள். பாட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பாள். சரணத்துக்கு ஒரு விரல், பல்லவிக்கு உள்ளங்கை. நாளாக நாளாக விரல்கூடத் தேவைப்படவில்லை. அவள் மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழி ஏறி இறங்குவதைப் பார்த்தே அடுத்த வரி எங்கே விழும் என்று இன்பசேகரன் கண்டுகொண்டான். கருத்தக்கண்ணனின் கால் மிதிக்கிற அடி உள்ளங்காலில் வந்து மோதும், அன்னக்கொடியின் முகம் கண்ணுக்குள் இருக்கும், நடுவில் அவன் விரல்கள் ஓடும். முன்னைக்கு இப்போது நன்றாக வாசிக்கிறான் என்று தவசியே சொன்னார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. அவளுடைய குரல் மட்டும் அவனுக்கு மெலிந்துகொண்டே வந்து, ஒரு பொங்கல் கச்சேரியோடு அறவே நின்றுபோனது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

திருமங்கலத்தில் ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தபோது, சென்னையில் பெரிய குழு நடத்துகிற ஒருவர் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர் கச்சேரி கேட்க உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் தவசியிடம் வந்து பேசிவிட்டுப் போனார். அவர் என்ன சொன்னார் என்று இன்பசேகரன் கேட்டதற்குக் கருத்தக்கண்ணன், “சும்மா, நல்லாருக்குன்னாரு” என்று பேச்சை மாற்றினான். அவன் முகத்தைப் படித்தே பழகியவனுக்கு அது பொய் என்று தெரிந்தது. மறுநாள் தவசியின் கடைக்குப் போய் நேராகக் கேட்டான். தவசி கையிலிருந்த ரேடியோவைக் கீழே வைத்தார்.

“கொரலு அருமைன்னாரு. ஆனா சனத்தப் பாக்க மாட்டேங்குதே, யாரையோ தேடிக்கிட்டே பாடுது, இத மெட்ராஸ் மேடைக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டாரு. வார மாசம் மறுபடி வாரேன், அப்பப் பாப்போம்னு சொல்லியிருக்காரு.” ஒவ்வொரு சொல்லையும் அவனுக்குப் புரியும்படி நிறுத்திச் சொன்னார். “அந்தப் புள்ளைக்கும் தெரியும். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கு.”

அன்று சாயங்காலம் ஒத்திகையில் இன்பசேகரன் அன்னக்கொடியிடம் கேட்டான்.

“எதுக்கும்மா இப்படிச் செஞ்ச?”

“எனக்கு மெட்ராஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்ணே.”

“அண்ணன் வீட்டுச் சோத்த எத்தன நாளைக்குத் திங்கப் போற?”

கருத்தக்கண்ணன் சடாரென்று எழுந்தான். “நான் கணக்குப் பாத்தேனா மாப்ள?”

“நீ பாக்க மாட்ட. ஒனக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகும், வர்றவ பாப்பா” என்றான் இன்பசேகரன். அவனுக்கே தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியவில்லை. கடைக்கு முன்னால் நின்றிருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அன்னக்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முகம் மூடியிருந்ததால் அவள் சொன்னது எதுவும் அவனுக்கு விளங்கவில்லை. கருத்தக்கண்ணன்தான் அவன் முன்னால் வந்து நின்று சொன்னான்.

“ஊரே தூத்துனப்ப ஒரு வார்த்த தப்பாப் பேசாத மனுசன் நீங்கதான்னு சொல்லுது. ஒங்கள மேடையில அம்போன்னு விட்டுட்டு எப்படிப் பாடுறதுன்னு கேக்குது.”

இன்பசேகரன் கிதாரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நடந்தான்.

அந்தச் சென்னைக்காரர் சொன்னபடியே மறுமாதம் வந்தார். புறநகர்ப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. குழுவினர் மேடையேறியபோது இன்பசேகரன் தன்னுடைய இடத்துக்குப் போகவில்லை. டிரம்ஸுக்குப் பின்னால், அன்னக்கொடி எவ்வளவு திரும்பினாலும் பார்க்க முடியாத மூலையில் போய் நின்றுகொண்டான். கருத்தக்கண்ணன் தலையைத் திருப்பி, “இங்க எதுக்குடா வந்த?” என்றான். “நீ முன்னால பாத்து அடி” என்றான் இன்பசேகரன்.

முதல் பாட்டில் அவள் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. ஒரு கணம் அவளுடைய தோள் தடுமாறியதை அவன் பின்னாலிருந்து பார்த்தான். வலப்பக்கம் திரும்பினாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சனங்களை நேராகப் பார்த்தாள்.

அவனுக்கு இருந்ததெல்லாம் கருத்தக்கண்ணனின் கால்தான். அதை வைத்துத் தெரிந்த மட்டும் வாசித்தான். எங்கே போகிறது என்று சந்தேகம் வந்த இடத்தில் தந்திகளை உள்ளங்கையால் அணைத்துவிட்டுப் பேசாமல் நின்றான். தப்பான ஒரு சத்தம் தன்னிடமிருந்து போகக் கூடாது என்பதில் குறியாக இருந்தான். இரண்டு பாட்டுகளில் முழுக்கவே வாசிக்கவில்லை. வாசிக்காதவனாகக் கிதாரைச் சுமந்துகொண்டு மேடையில் நிற்பது எவ்வளவு கனக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. கீழே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் பூப்போல அவள் பக்கம் திரும்பியிருந்தன. சென்னைக்காரர் வெற்றிலையை மடித்தபடி வாயில் போட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே அன்னக்கொடி சென்னைக்குப் போனாள். இன்பசேகரன் குழுவிலிருந்து நின்றுகொண்டான். திண்டுக்கல்லிலிருந்து வேறொருவர் வந்து அவனிடத்தில் வாசித்தார். சில மாதங்கள் சாயங்காலமானால் கை எங்கே போவதென்று தெரியாமல் தவித்தது. கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் கட்டைமேல் தாடையை ஊன்றி, எலும்பில் ஏறுகிற அதிர்வில் தனக்கு மட்டும் வாசித்துக்கொள்வான். அதுவும் மெல்லக் குறைந்தது.

எண்பத்து நான்கில் சித்திரைப் பொருட்காட்சிக்கு அந்தச் சென்னைக் குழு மதுரை தமுக்கம் மைதானத்துக்கு வந்தது. வாசல் தட்டியில் அன்னக்கொடியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. இன்பசேகரன் ஆனிமேரியைக் கூட்டிக்கொண்டு போய், கூட்டத்தில் ஒருவனாக நின்றான். பேஸும் டிரம்ஸும் நெஞ்செலும்பில் வந்து இடித்தன. அவளுடைய குரல் அவனுக்கு இல்லை. அவள் வாய் திறப்பதையும், கழுத்துக் குழி ஏறி இறங்குவதையும், மூச்சை எங்கே இழுத்து எங்கே விடுகிறாள் என்பதையும் இமைக்காமல் பார்த்தான். ஒரு பாட்டின் நடுவில் ஆனிமேரி கண்ணைத் துடைத்தாள். அவன் அவளுடைய கையைத் தொட்டான்.

“எப்படிப் பாடுது?”

ஆனிமேரி அவன் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். “எப்படிச் சொல்ல? சுடுதண்ணி பட்ட மாதிரி இருக்குங்க.”

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனார்கள். அன்னக்கொடி ஓடி வந்து, அவன் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து பேசினாள். “கேட்டுச்சாண்ணே?”

“இல்லம்மா. பாத்தேன்.”

 அன்னக்கொடி ஆனிமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“எங்க பேஸ்காரரு எப்படிண்ணே?”

“கை சுத்தம். ஆனா முந்துறாரு. டிரம்ஸு காலக் கேட்டு வாசிக்கச் சொல்லு.”

“நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்களே வந்து சொல்லுங்க” என்று அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர் எழுந்து நின்று, யார் என்பது போல இன்பசேகரனைப் பார்த்தார்.