நாலு எம்.எம். ஓட்டை

வண்டியின் விலாவில் துளை விழுந்த இடத்தைப் பார்த்ததுமே தையல்காரிக்குப் பிழை புரிந்துவிட்டது. அவள் கணவர் இன்னும் டிரில்லை வெளியே இழுக்கவில்லை.

"நிறுத்துங்க. காகிதத்தைப் புரட்டி ஒட்டணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"நான் சாக்பீஸ்ல பெருக்கல் குறி போட்ட பக்கம் உள்ள போகணும். இப்ப அது வெளிய நின்னு என்னைப் பாக்குது."

அவர் டிரில்லை இறக்கினார். காகிதத்தைப் பார்த்தார், குறியைப் பார்த்தார், பிறகு உள்ளே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு அசடு வழிய இறங்கினார். வண்டிக்குள் பக்கச் சுவரில் செங்குத்தாக ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. ஜன்னல் அதற்குப் பின்பக்கம் வர வேண்டும். அவள் உள்ளே நின்று அளந்து, கோட்டு தைக்க வெட்டுவதுபோல் பழுப்புக் காகிதத்தில் மாதிரி வெட்டிக் கொடுத்திருந்தாள். உள்ளே எடுத்த அளவை வெளியே வைக்கும்போது புரட்ட வேண்டும். புரட்டாததால் துளை சட்டத்துக்கு முன்பக்கம், ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தது. தையல் கடையில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற வேலை இது. துணியைப் புரட்டாமல் வெட்டி, ஒரு சட்டைக்கு இரண்டு வலது கை தைத்து வைப்பார்கள்.

"இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினீங்க. ஒரு கீறல் இல்ல. சொந்த வண்டின்னதும் கை அரிச்சிருச்சு."

"ஒரு ஓட்டைதானே. நாலு எம்.எம். பசை போட்டு அடைச்சிடலாம். காய ஒரு நாள் ஆகும். அப்புறம் சரியான இடத்துல போட்டு..."

அவர் பாதியில் நிறுத்தினார். ஒரு நாள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். நாலு மணிக்கு அவர் தம்பி வருகிறான்.

ஏழு வருடங்களுக்கு முன்னால், அவள் ஓர் அலுவலகத்துக்குச் சீருடைகள் கொடுக்கப் போனபோது, லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. இரண்டரை மணி நேரம். கதவைப் பிளந்து அவளைத் தூக்கியபோது கையில் இருந்த சட்டையின் பொத்தான்கள் அத்தனையையும் பிய்த்திருந்தாள். அன்றிலிருந்து அவள் எந்தக் கதவையும் தாழ்ப்பாள் போடுவதில்லை. குளியலறைக் கதவில் துண்டு தொங்கினால் உள்ளே அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், அடுத்து இதைச் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவளின் கணவர் வேலையிலிருந்து சீக்கிரமே விலகி, ஒரு பழைய பார்சல் வண்டியை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, "இதுல வீடு கட்டி ஊர் ஊரா போகலாம்" என்றார்.

"இது வீடில்ல. டப்பா."

அவர் தர்க்கம் செய்யவில்லை. அவள்தான் கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தாள். விளக்குப் போடாமல், கதவை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளே படுத்துப் பார்ப்பாள். முடிந்தால் போகலாம். முடியாவிட்டால் வண்டி தம்பிக்கு. அவன் மெத்தைக்கடை வைத்திருந்தான், கண்ணும் வைத்திருந்தான். அவர் உடனே சரி என்றார். அந்த உடனேதான் அவளுக்கு முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. முடியாது என்று அவள் சொன்னால் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு, மீதிக் காலத்துக்கும் முன்னறையில் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் துண்டைத் தொங்கவிட்டுக் குளித்துக்கொண்டிருப்பாள்.

எட்டு மாதம் வேலை நடந்தது. தரையைப் பெயர்த்துத் துருவைச் சுரண்டினார். தண்ணீர்த் தொட்டி வைத்தார், காலால் மிதித்தால் குழாயில் நீர் வருகிற பம்பு வைத்தார். கூரையில் சூரியத் தகடு பொருத்தி, முதன்முதலில் உள்ளே விளக்கு எரிந்த அன்று, சுவிட்சை இருபது தடவை போட்டு அணைத்தார். எதிர்ச் சுவரில் பலகை அடித்து வெள்ளையடித்தார். ஜன்னல் வர வேண்டிய சுவரை மட்டும் வெறும் தகரமாக விட்டிருந்தார். கட்டிலை அந்தச் சுவரை ஒட்டிப் போட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, வண்டியில் இருந்த ஒவ்வோர் இடுக்கையும் அடைத்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பலகைத் தடுப்பு, கதவு ஓரங்களில் ரப்பர். வெளியே அவள் குழாயால் தண்ணீரைப் பீய்ச்ச, உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து, "ஒரு சொட்டு வரல" என்று கத்தினார். தண்ணீர் வராத இடத்தில் வெளிச்சமும் வராது என்பதை அப்போது இருவரும் யோசிக்கவில்லை.

"தம்பிகிட்ட இன்னொரு வாரம் கேக்கறேன்" என்றார் இப்போது.

"ரெண்டு தடவை கேட்டாச்சு. புதுக் கடை திறக்கறான், அவனுக்கு வண்டி வேணும். இன்னிக்கே பாத்துடறேன்."

"ஜன்னல் இல்லாமலா?"

"ஜன்னல் இல்லாமத்தான்."

தைரியத்தில் சொன்னதில்லை. ஜன்னல் இல்லாவிட்டால் முடியாது என்பது நிச்சயம். நிச்சயமானதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், பழியையும் காகிதத்தின் மேல் போட்டுவிடலாம்.

"நீங்க கதவுகிட்ட நிக்கக் கூடாது. நிக்கறீங்கன்னு தெரிஞ்சா கதவையே பாத்துட்டிருப்பேன். எதிர்ப்பக்கம் போய் உக்காருங்க."

"கூப்பிட்டா?"

"கூப்பிட்டா ஓடி வாங்க. அதுக்குத்தானே கட்டிக்கிட்டேன்."

அவர் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிர்வீட்டு நடைபாதையில் வெயில் கொளுத்தியது. நிழலுக்குக்கூட நகராமல் வண்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

அவள் உள்ளே ஏறினாள். உள்தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுத் திறந்து பார்த்தாள். அவர் வண்டியில் முதன்முதலாகப் பொருத்தியதே அதைத்தான். எண்ணெய் போட்டு வைத்திருந்தார், ஒரு விரலால் திறக்கலாம். கதவை மூடினாள். தடவிக்கொண்டு போய்க் கட்டிலில் படுத்தாள்.

இருட்டு முகத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. காதுக்குள் இரத்தம் இடித்தது. தையல் எண்ணுகிற மாதிரி எண்ணத் தொடங்கினாள். நூறு வரைக்கும் எண்ணி எழுந்துவிடலாம். நூறு ஆனதும் இன்னொரு நூறு. முந்நூறைத் தாண்டும்போது உள்ளங்கை வேர்த்து விரிப்பு நனைந்தது. கண்ணைத் திறந்தாள்.

எதிர்ச் சுவரில் ஏதோ கறை.

பயத்தில் கண்ணுக்குள் நிறங்கள் வருவது அவளுக்குப் புதிதில்லை. லிஃப்டிலும் வந்தன. அவை கண்ணைத் திருப்பினால் கூடவே திரும்பும். இது திரும்பவில்லை. சுவரின் நடுவில் நீலமாய் ஒரு பட்டை, அதற்கு மேலே மங்கலாய் ஒரு செங்கல் நிறம். எண்ணுவதை விட்டுவிட்டாள். பார்க்கப் பார்க்க, ஈரத் துணியில் சாயம் ஏறுகிற மாதிரி, கறைக்கு விளிம்பு வந்தது. நீலப் பட்டை அசைந்தது. ஒரு மூலை மடங்கி, விரிந்து, மறுபடி மடங்கியது.

காற்றில் ஆடுகிற துணி. எதிர்வீட்டு மாடிக் கொடியில் காலையில் பார்த்த நீலப் படுக்கை விரிப்பு. அது மேல்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். எதிர்வீடு முழுதும் சுவரில் இருந்தது. மொட்டைமாடி கீழே, வாசற்படி மேலே. ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. மொட்டைமாடிக்கும் கீழே, வண்டித் தரையை ஒட்டி, வானம். அதில் ஒரு மேகம், அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தெரு மேலே, கூரைத் தகரத்தில் படிந்திருந்தது.

வெளியே சைக்கிள் மணி கேட்டது. சத்தம் வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போனது. கூரையில் ஒரு சைக்கிள், சக்கரம் மேலேயும் ஓட்டுகிறவன் தலை கீழேயுமாக, பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. சத்தம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தகரத்தில், சட்டத்துக்கு முன்பக்கம், தவறான இடத்தில், ஊசிமுனை மாதிரி ஒரு வெளிச்சப் புள்ளி. அவ்வளவுதான். கண்ணாடி கிடையாது, ஒயர் கிடையாது. விரலால் மூடினாள். வீடு, வானம், விரிப்பு எல்லாம் போயின. எடுத்தாள். எல்லாம் இருந்தன, ஒன்றுகூடக் குறையாமல்.

மூன்றாம் தடவை மூடியபோதுதான் அவளுக்கு உறைத்தது. இருட்டை அவளே உண்டாக்கிக்கொண்டிருக்கிறாள்.

மண்டியிட்டுச் சுவர் அருகே போனாள். வாசற்படிக்குச் சற்றுக் கீழே, முக்கால் முழ அளவில், நாற்காலியில் ஒருவர் தலைகீழாக உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியதில்லை. முழங்கால் இரண்டையும் சேர்த்து, கைகளை அதன்மேல் வைத்து, பிரேக்கை மிதிக்கத் தயாராக இருப்பதுபோல் உட்காருகிறவர் உலகத்தில் ஒருவர்தான். அவள் உள்ளங்கையை அவர்மேல் வைத்தாள். அவர் அவள் கைமேல் ஏறிக்கொண்டார். விரல்களில் சட்டை நிறம், மணிக்கட்டில் வெயில்.

இது எத்தனை நாளாக நடக்கிறது என்று நினைத்தாள். துளை இதைச் செய்யவில்லை. அந்த வீடும் விரிப்பும் வானமும் எப்போதும் இந்தத் தகரத்தின்மேல் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றாய், வெட்டாத துணிக்குவியல் மாதிரி. தெருவில் இருக்கிற ஒவ்வொரு சுவரிலும் தெரு முழுதும் விழுகிறது. அவளுடைய தையல் மேசையின் மேல், லிஃப்டைத் தவிர்த்து ஆறு மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கிற படிக்கட்டின் மேல், எல்லாவற்றின் மேலும். துளை மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இழையாக உள்ளே விட்டது. ஊசிக்காதும் அதைத்தான் செய்கிறது. முப்பது வருடமாக ஊசியைப் பிடித்திருக்கிறாள். அதைக் கண்ணருகே வைத்ததெல்லாம் நூல் கோக்க மட்டுமே.

உடம்பு சிலிர்த்தது. பயத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள்.

சுவரில் அவர் துள்ளி எழுந்தார். நாற்காலி மேல்நோக்கி விழுந்தது.

"வராதீங்க. அங்கேயே நில்லுங்க. வலது கையைத் தூக்குங்க."

தெருவில் நின்றவர் குழம்பினார். "என்னம்மா ஆச்சு? மூச்சு முட்டுதா?"

"கையைத் தூக்குங்கன்னா."

தூக்கினார். சுவரில் ஒரு கை கீழே தொங்கியது, அதுவும் இடம் மாறி.

"நடங்க. ஓட்டைக்கு நேரா நின்னுடாதீங்க, மறைக்கும். தெருவோரமா அப்படியே நடங்க."

அவர் நடந்தார். தலைகீழாக நிற்கச் சொன்னாலும் நிற்கிற முகம் அப்போது அவருக்கு. அந்த நேரம் பார்த்துத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"என்னண்ணே, நடுத்தெருவுல கையைத் தூக்கிட்டு? அண்ணி தண்டனை குடுத்துட்டாங்களா?"

"அவ உள்ள இருக்காடா."

"உள்ளயா? கதவை மூடிட்டா?" அவன் குரல் மாறியது. "எவ்வளவு நேரமா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி பத்து நிமிஷம்."

வண்டிக்குள் அவள் அதைக் கேட்டாள். ஒரு மணி பத்து நிமிஷம். அவள் கதவை நினைத்துப் பார்த்தாள். நடுவில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தாழ்ப்பாளை ஒரு விரலால் திறந்து இறங்கினாள். வெயில் கண்ணைக் குத்தியது. எல்லாம் நேராக நிற்பது சற்றே விசித்திரமாக இருந்தது.

"சாவி யார்கிட்ட?" என்றான் தம்பி. அவன் சும்மா கேட்கவில்லை, கையும் நீண்டிருந்தது.

"ஏறு" என்றாள்.

"அண்ணி, எனக்குக் கடையில ஆளு காத்திருக்காங்க."

"ஏறுன்னேன். மெத்தை ஏத்தறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமா?"

அவன் ஏறினான். அவரும் பின்னாலேயே காலை வைத்தார்.

"நீங்க எங்க வரீங்க? உங்க நாற்காலிக்குப் போங்க. நீங்க இல்லாம அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"நான் பாக்க வேண்டாமா? ஓட்டை போட்டதே நான்தான்."

"தப்பாப் போட்டவர் கடைசியா பாக்கலாம். நாளைக்கு நான் அங்க உக்காரறேன், நீங்க பாருங்க. ஜன்னலை அந்தச் சட்டத்துக்குப் பின்னாடியே வைங்க, கெட்டியா மூடற மாதிரி ஒரு பலகைக் கதவோட. இந்த ஓட்டையில பசை வச்சீங்க, அப்புறம் பாத்துக்கோங்க."

அவர் வைத்த காலை எடுத்துக் கீழே இறங்கினார். தெருவைக் கடந்தார். பாதியில் நின்று, பெருவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கிப் பிடித்து நாலு எம்.எம். எவ்வளவு என்று தானே பார்த்துக்கொண்டார்.

உள்ளே தம்பி, "இருட்டா இருக்கு அண்ணி. உங்களுக்கு ஒண்ணும் செய்யாதே? கதவைத் திறந்தே வச்சுக்கலாமே" என்றான்.

"திறந்திருந்தா ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி, கதவை உள்ளிருந்து அவளே இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.